சத்திய மார்க்கமும் நம் நாவும்

 

நாம் மதரஸாவில் ஓதி முடித்து, ஸனது பெற்று, முதன்முதலாக ஒரு மஹல்லாவில் இமாமத்துக்கு அமர்ந்த புதிது. ரபீஉல் அவ்வல் மாதம். தெரு முனையில் மேடை போட்டு, விளக்குக் கட்டி, நான்கு திசைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் வைத்து ஜமாஅத்தார்கள் மீலாது விழா நடத்தினார்கள். இஷாவுக்குப் பின் ஒன்றேகால் மணி நேரம் நாம் பேசினோம். இஸ்லாம் ஒன்றே சத்திய மார்க்கம் என்பது தலைப்பு. இளமையின் வேகம், ஓதி வந்த சூடு, முன்னால் கூட்டம். மற்ற மார்க்கத்தார் வணங்குகிறவற்றைப் பற்றிக் கேலியாக நாலு வார்த்தை சொன்னோம். அவர்களெல்லாம் எங்கே போய்ச் சேருவார்கள் என்பதையும் ஒன்றுக்கு மூன்று தடவையாகச் சொன்னோம். தக்பீர் முழங்கியது. இறங்கி வந்தபோது பெரியவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அன்றிரவு நமக்கு நன்றாக உறக்கம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பள்ளிவாசலுக்கு எதிர் வரிசையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஹிந்து சகோதரர். அந்த மஹல்லாவின் ஆண்களில் பாதிப் பேர் அவரிடம் அரிச்சுவடி படித்தவர்கள். ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குச் சட்டியோடு அவர் வீட்டுப் பிள்ளைதான் முதலில் வந்து நிற்கும். மறுநாள் காலை நாம் அவ்வழியே போகையில் திண்ணையிலிருந்து கூப்பிட்டார்.

"வாங்க தம்பி. ராத்திரி முழுசும் கேட்டேன். குழாயை நம்ம ஜன்னலைப் பாத்துல்ல கட்டியிருந்தாங்க. நல்லாத்தான் பேசுறீங்க. உங்க மதம் ஒண்ணுதான் உண்மைன்னு சொன்னீங்க. நாங்கள்லாம் எங்க போவோம்னும் சொன்னீங்க. அந்த உண்மை என்னன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லலை. அல்லா அல்லாங்கிறீங்களே, அவரு எப்படிப்பட்டவருன்னு ஒரு வார்த்தை இப்ப வரும், இப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் கோபப்படவில்லை. பரீட்சைத் தாளில் விட்டுப் போன கேள்வியைச் சுட்டிக் காட்டும் வாத்தியாரைப் போலத்தான் சொன்னார். "இன்னொரு நாள் உக்காந்து விளக்கமாச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு நாம் நடந்தோம். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நமக்கு வெட்கம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். அடுத்த தை மாதத்தில் அவர் காலமாகிவிட்டார்.

இதை எழுதும்போது சிலருக்குச் சந்தேகம் வரலாம். மௌலவி சாஹிப் எல்லா மதமும் ஒன்றே என்று சொல்ல வருகிறாரோ என்று. இல்லை. அல்லாஹ்விடத்தில் அங்கீகரிக்கப்பட்ட தீன் இஸ்லாமே என்பதும், அதல்லாத வேறொன்றைத் தேடிக் கொள்கிறவரிடமிருந்து அது ஏற்கப்படாது என்பதும் ஆலஇம்ரான் ஸூராவின் 19, 85 ஆகிய ஆயத்துக்களில் தெளிவாக இருக்கின்றன. இதில் நமக்கு எள்ளளவும் தடுமாற்றமில்லை. எல்லா மதமும் ஒன்றே என்கிறவர்கூட, ஒன்றல்ல என்று நம்புகிற அத்தனை பேரும் தவறு, தாம் சொல்வதே சரி என்றுதானே சொல்கிறார்! தான் நம்புவதை உண்மை என்று நம்பாதவன் எதையும் நம்பியவனல்லன். ஆகவே ஒரு மார்க்கத்தின் தலைவர் தம் மார்க்கமே உண்மை என்று சொல்வதில் வியப்படைய ஒன்றுமில்லை. அதை எப்படிச் சொல்கிறார், யாரை உயர்த்துவதற்காகச் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைப் பற்றி நம் வேதமே பேசியிருக்கிறது. நாம் ஓதுகிறோம், நின்று யோசிப்பதில்லை.

நஜ்ரான் தேசத்துக் கிறிஸ்தவர்களின் தூதுக்குழு மதீனா வந்திருந்த சமயம். யூத அறிஞர்களும் அங்கே வந்தார்கள். இரு சாராருக்கும் வாக்குவாதம் மூண்டது. நீங்கள் எந்த அடிப்படையிலும் இல்லை என்றார்கள் இவர்கள்; நீங்கள்தான் எதிலும் இல்லை என்றார்கள் அவர்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இந்தச் செய்தி வந்திருக்கிறது. அல்பகரா ஸூராவின் 113ஆம் ஆயத்து இதைத்தான் குறிப்பிடுகிறது. இரு கூட்டத்தாரும் வேதத்தை ஓதிக்கொண்டே இப்படிப் பேசுகிறார்கள் என்று அல்லாஹுத்தஆலா அங்கே சுட்டிக் காட்டுகிறான். வேதம் தெரியாத பாமரன் பேசினால் அறியாமை என்று விட்டுவிடலாம். இங்கே பேசியவர்கள் ஓதியவர்கள், தலைவர்கள். இதற்கு இரண்டு ஆயத்து முன்னால், யூதரோ கிறிஸ்தவரோ அல்லாமல் வேறு யாரும் சுவனம் புகமாட்டார் என்ற அவர்களுடைய சொல்லை எடுத்துக் கூறி, இவை அவர்களின் வீண் ஆசைகள், உண்மையாளர்களானால் ஆதாரத்தைக் கொண்டு வரட்டும் என்று கேட்கச் சொல்கிறான்.

இந்த இடத்தை மேடையில் ஓதும்போது நமக்கு உற்சாகம் தாங்காது. பார்த்தீர்களா, அவர்களுடைய வாயை அல்லாஹ் எப்படி அடைத்தான் என்போம். ஆனால் அந்நிஸா ஸூராவின் 123ஆம் ஆயத்துக்கு வரும்போது நம் குரல் ஏனோ தாழ்ந்துவிடுகிறது. அதே 'வீண் ஆசைகள்' என்ற சொல் அங்கேயும் வருகிறது. இந்தத் தடவை நம்மையும் சேர்த்து. உங்கள் ஆசைப்படியும் நடக்காது, வேதம் கொடுக்கப்பட்டவர்களின் ஆசைப்படியும் நடக்காது, தீமை செய்பவன் எவனோ அவனுக்கு அதற்குரிய கூலி உண்டு என்பது அதன் கருத்து. இது இறங்கிய காரணத்தைக் கதாதா (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். முஸ்லிம்களும் வேதக்காரர்களும் ஒருவருக்கொருவர் பெருமை பேசிக் கொண்டார்கள். எங்கள் நபி உங்களுக்கு முந்தியவர், எங்கள் வேதமும் முந்தியது என்றார்கள் அவர்கள். எங்கள் நபி இறுதி நபி, எங்கள் வேதம் முன்னுள்ளவற்றுக்குத் தீர்ப்பளிப்பது என்றார்கள் இவர்கள்.

சற்றே கவனியுங்கள். முஸ்லிம்கள் சொன்ன வாசகத்தில் பிழை உண்டா? நபி (ஸல்) அவர்கள் இறுதி நபிதான். குர்ஆன் தீர்ப்பளிக்கும் வேதம்தான். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் அல்லாஹ் இறக்கிய பதில், இவர்களை மெச்சி அவர்களை மட்டும் கண்டிப்பதாக அமையவில்லை. உண்மையைச் சொன்னவர்கள் அதைத் தம் சொத்துப் பத்திரத்தைப் போல நீட்டினார்கள். அந்தக் கை தட்டிவிடப்பட்டது.

இந்த ஆயத்தைக் கேட்டு ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலங்கிப் போனார்கள். நாம் செய்யும் ஒவ்வொரு தீமைக்கும் கூலி என்றால் இதற்குப் பின் தப்புவது எப்படி என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உமக்கு நோய் வருவதில்லையா, கவலை வருவதில்லையா, துன்பம் வருவதில்லையா, அவையும் அந்தக் கூலியில் சேர்ந்தவைதாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னதாக முஸ்னது அஹ்மதில் காண்கிறோம். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற ஸித்தீக் அவர்களுக்கு அந்த நடுக்கம். நமக்கோ, ஒலிபெருக்கி முன் நின்றால் சுவர்க்கத்தின் சாவி நம் ஜிப்பாப் பையில் கிடப்பதாக நினைப்பு!

ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம். மதீனாக் கடைத்தெருவில் யூதர் ஒருவர் சரக்கு விற்றுக் கொண்டிருந்தார். யாரோ கட்டுப்படியாகாத விலைக்குக் கேட்டார்கள். மனிதர்கள் அனைவரிலும் மூஸாவைத் தேர்ந்தெடுத்தவன் மீது ஆணையாக, இந்த விலைக்குத் தரமாட்டேன் என்றார் அவர். அன்சாரித் தோழர் ஒருவர் காதில் அது விழுந்தது. நபி (ஸல்) அவர்கள் எங்களிடையே இருக்கையில் இப்படியா சொல்கிறாய் என்று அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அறை வாங்கியவர் நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் போனார். அபுல் காஸிமே, எனக்குப் பாதுகாப்பு உடன்படிக்கை இருக்கிறது, இன்னார் என்னை ஏன் அறைய வேண்டும் என்று முறையிட்டார்.

முறையீடு யாரிடம் போயிற்று என்பதைப் பாருங்கள். அறைந்தவருடைய தலைவரிடம்! தம்மை ஏற்காத ஒருவர், தம்மை நேசித்த ஒருவரைப் பற்றித் தம்மிடமே நியாயம் கேட்டு வரும்படியாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த ஊரில் வாழ்ந்தார்கள்.

அறைந்தவரை அழைத்துக் காரணம் கேட்டார்கள். அவர் சொன்னதும் கோபம் திருமுகத்தில் தெரிந்தது. அந்தக் கோபம் யூதர் மீதல்ல. அல்லாஹ்வின் நபிமார்களுக்கிடையே ஏற்றத் தாழ்வு பேசாதீர்கள் என்றார்கள். ஸூர் ஊதப்பட்டு எல்லோரும் மூர்ச்சையாகி மறுபடி எழுப்பப்படும்போது முதலில் எழுபவர்களில் நான் இருப்பேன், அப்போது மூஸா (அலை) அவர்கள் அர்ஷைப் பிடித்தபடி நிற்பார்கள், தூர் மலையில் மூர்ச்சையானது அவர்களுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டதோ, எனக்கு முன்னரே எழுப்பப்பட்டார்களோ, நான் அறியேன் என்றும் சொன்னார்கள். அறை வாங்கியவரின் காதில் இது விழுந்திருக்குமானால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்படியானால் நபிகளார் (ஸல்) அவர்களின் மேலான தரஜாவைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், ஆதமுடைய மக்களுக்குத் தலைவர் நானே என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். திர்மிதீயில் உள்ள அறிவிப்பில், இது பெருமைக்காக அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஹதீஸையும் பொருத்திப் பார்த்த உலமாக்கள், சண்டைக்கும் மற்றொரு நபியைத் தாழ்த்துவதற்கும் இட்டுச் செல்கிற ஒப்பீடே தடுக்கப்பட்டது என்பதை ஒரு விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த அன்சாரித் தோழர் வெறும் பொய்யனுக்குப் பரிந்து பேசவில்லை. உண்மைக்காகத்தான் கையோங்கினார். கண்டிக்கப்பட்டார்.

மக்காவில் விக்கிரக வணக்கக்காரர்களிடம் பேசச் சொல்லிக் கொடுத்த முறையோ இன்னும் ஆச்சரியமானது. ஸபா ஸூராவின் 24, 25ஆம் ஆயத்துக்கள். வானத்திலிருந்தும் பூமியிலிருந்தும் உணவளிப்பவன் யார் என்று கேட்டு, அல்லாஹ் என்று பதிலும் சொல்லிவிட்டு, நாங்களோ நீங்களோ இரண்டில் ஒரு சாரார் நேர்வழியில் அல்லது பகிரங்கமான வழிகேட்டில் இருக்கிறோம் என்று கூறச் சொல்கிறான். யார் எதில் என்பது நபிக்குத் தெரியாதா? தெரியும். கேட்பவன் யோசிப்பதற்கு இடம் விடச் சொல்கிறான். அடுத்த ஆயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நாங்கள் செய்த குற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்கப்படமாட்டீர்கள் என்பது முதல் பாதி. நீங்கள் செய்கிறவற்றைப் பற்றி நாங்கள் கேட்கப்படமாட்டோம் என்பது அடுத்த பாதி. குற்றம் என்ற சொல் தம் பக்கத்துக்கு! எதிர்ப் பக்கத்துக்கு வெறும் செயல் என்ற சொல்! அரபு இலக்கணம் ஓதிய நமக்கு உஸ்தாது இந்த இடத்தைப் பாடம் நடத்தியது நன்றாக நினைவிருக்கிறது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். மேடைக்கு மட்டும் அது வரவில்லை.

கிறிஸ்தவ உலகிலும் இந்த விவகாரம் நெடுங்காலம் நடந்திருக்கிறது. 1442இல் பிளாரன்ஸ் நகரத்துத் திருச்சபை மாநாட்டில், கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருப்பவர் எவருக்கும் நித்திய வாழ்வு இல்லை என்று எழுதி வைத்தார்கள். 1964இல் வத்திக்கான் மாநாட்டில், தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல் போனவர்களுக்கும் ஈடேற்றம் கிட்டலாம் என்று எழுதினார்கள். 1965இல் முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிட்டு இன்னொரு பிரகடனமும் வந்தது. அறியாமல் போனவர் நிலை பற்றி நம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்குச் சுமார் 850 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். பார்த்தீர்களா, இதைச் சொல்லும்போதும் பேனா கொஞ்சம் நிமிரத்தான் பார்க்கிறது!

ஹிஜ்ரி 505இல், அதாவது 1111இல் வபாத்தான இமாமவர்கள் 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்றொரு சிறு நூல் எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம்களே ஒருவரையொருவர் காபிர் என்று சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், அந்த நாவுகளுக்குக் கடிவாளம் போட எழுதிய நூல் அது. (ஒரே ஊரில் இரண்டு பள்ளி, இரண்டு பெருநாள் என்றிருக்கும் நம் ஜமாஅத்துக்களில் அதை ஒரு தடவை பாடமாக நடத்தினால் தேவலை.) அதில் தம் காலத்து ரோம தேசத்துக் கிறிஸ்தவர்களையும் துருக்கியரையும் பற்றிப் பேசுகையில், நம் சமுதாயத்தைச் சேராதவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பெயரே எட்டாதவர்கள் ஒரு வகை. இவர்களுக்கு உஸ்ரு உண்டு, மன்னிப்புக்குரியவர்கள். பெயரும் குணமும் அத்தாட்சிகளும் சரிவர எட்டியும் மறுத்தவர்கள் ஒரு வகை. இவர்களுக்குத் தப்ப வழியில்லை. மூன்றாவது வகை இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளவர்கள். இவர்களுக்குப் பெயர் எட்டியது, உண்மையான வர்ணனை எட்டவில்லை. சிறு பிராயத்திலிருந்தே அவர்களைப் பற்றிப் பொய்யான, கோணலான சித்திரத்தையே கேட்டு வளர்ந்தார்கள். இந்த மூன்றாம் வகையாரும் முதல் வகையாரைப் போலவே என்பது இமாமவர்களின் கருத்து.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முஸ்லிம்களுக்கு அண்டையில் வாழ்ந்து அவர்களோடு பழகுகிறவர்களை இமாமவர்கள் இரண்டாம் வகையில், எட்டியவர்களாகவே சேர்த்திருக்கிறார்கள். நம் வாத்தியார் அண்டையில்தான் வாழ்ந்தார். ஆனால் அவருக்கு எட்டியது எது? ஒன்றேகால் மணி நேரம் அவர் ஜன்னல் வழியே நாம் அனுப்பியது நாயகம் (ஸல்) அவர்களின் குணத்தையா, நம் குணத்தையா? பொய்யான சித்திரத்தைப் பரப்புகிறவன் எங்கோ எதிரி நாட்டில் இருப்பான் என்று எண்ணிக் கொண்டுதான் அந்த நூலை முதலில் ஓதினோம். அவர் இறந்த செய்தி கேட்ட இரவில் அதே பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவருடைய கணக்கு ரப்பிடம் இருக்கிறது. நம்முடைய கணக்கும் அவனிடம்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் அந்த ஒன்றேகால் மணி நேரம் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கியாமத் நாளில் முதன்முதலாகத் தீர்ப்புக் கூறப்படும் மூவரில், பேசுவதற்காகவும் புகழுக்காகவும் ஓதிய ஆலிம் ஒருவர் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் ஓதுகிறோம். இன்னாரை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று ஆணையிட்டுச் சொன்ன ஒரு மனிதனைப் பற்றியும் அதே கிதாபில் இருக்கிறது. என் மீது ஆணையிட்டுச் சொல்ல இவன் யார் என்று கேட்ட அல்லாஹ், அவனை மன்னித்துவிட்டேன், உன் அமலை அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

நஜ்ரான்காரர்களின் கதை வாக்குவாதத்தோடு முடிந்துவிடவில்லை. அவர்களோடு நடந்த விவாதமும், முபாஹலாவுக்கு அழைத்ததும், அவர்கள் பின்வாங்கியதும் எல்லோரும் அறிந்தவை. சமாதானம் செய்து கொண்டு புறப்படும்போது அவர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். எங்களோடு நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள் என்றார்கள். ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பி, இவர் இந்த உம்மத்தின் நம்பிக்கையாளர் என்றார்கள். நபித்துவத்தை ஏற்காத கூட்டம், நம்பிக்கைக்கு ஆள் வேண்டுமென்றால் மதீனாவில்தான் கிடைக்கும் என்பதை ஏற்றுக் கொண்டு போயிற்று. இன்று நம் மஹல்லாவைச் சுற்றியுள்ளவர்கள் பணத்தை, நகையை, சாவியை ஒப்படைக்க ஆள் தேடினால் பள்ளிவாசல் பக்கம் வருவார்களா என்று ஜமாஅத்தார்கள் தங்களையே கேட்டுக் கொள்ளட்டும்.

சென்ற ஷஃபான் மாதத்தில் பெண்கள் மதரஸாவில் பாடம் முடிந்ததும், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பக்கத்தில் உட்காரும் தோழிக்குப் பாட்டி இறந்து சில நாட்கள்தாம் ஆகின்றன. அந்தப் பிள்ளை கேட்டதாம்: "உங்க ஹஜரத்து மைக்ல சொல்றாங்களே, எங்க பாட்டி இப்ப நரகத்துலயா இருக்காங்க?" மகள் பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். "என்ன சொல்லச் சொல்லட்டும் ஹஜரத்?" என்றார் அந்தத் தாய்.

நாம் தாஹா ஸூராவை எடுத்துக் காட்டினோம். மூஸா (அலை) அவர்களிடம் பிர்அவ்னும் இதே போன்ற ஒரு கேள்வியைத்தான் கேட்டான். முன் சென்று போன தலைமுறைகளின் நிலை என்ன என்றான். அவன் கேட்டது சூழ்ச்சி. நம் முன்னோர்களையெல்லாம் இவர் நரகவாதிகள் என்கிறார் என்று சபையைக் கிளப்பிவிடப் பார்த்தான். இந்தப் பிள்ளை கேட்டது துக்கம். ஆனால் மூஸா (அலை) அவர்கள் சொன்ன பதில் இரண்டுக்கும் போதுமானது. அவர்களைப் பற்றிய அறிவு என் ரப்பிடம் பதிவேட்டில் இருக்கிறது, அவன் தவறுவதுமில்லை, மறப்பதுமில்லை என்றார்கள். அதோடு பேச்சு நிற்கவில்லை. அந்த ரப்பு யார் என்ற வர்ணனை உடனே தொடர்கிறது. பூமியைத் தொட்டிலாக ஆக்கியவன், அதில் உங்களுக்குப் பாதைகள் அமைத்தவன், வானத்திலிருந்து மழையை இறக்கி விதவிதமான பயிர்களை முளைக்க வைத்தவன். கேட்டவன் முன்னோர்களைப் பற்றிக் கேட்டான். மூஸா (அலை) அவர்கள் ரப்பைப் பற்றிச் சொன்னார்கள். நம் வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது இதற்குத்தான்.

"உன் பாட்டி விஷயம் எங்க ரப்புக்குத்தான் தெரியும், அவன் யாருக்கும் அநியாயம் செய்யமாட்டான்னு சொல்லச் சொல்லும்மா. அப்புறம் அவன் யாருன்னு ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லு. பாட்டிக்காக அந்தப் பிள்ளையோட கொஞ்ச நேரம் உக்காந்திருக்கச் சொல்லு" என்றோம்.

அடுத்த வாரம் அந்தத் தாய் வந்து, மகள் அப்படியே சொன்னதாகச் சொன்னார். தோழி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததாம். பிறகு, மழையை அனுப்புவதும் அவன்தானா என்று கேட்டதாம்.